இளவேனிற் காற்றும் சிறு குடும்பத்தின் காப்பும்

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று நூல்கள் கூறும். தென்றலும் வேப்பம்பூவும் அக்காலத்துக்கு உரியன எனப் புலவர்கள் போற்றினர். ஆயினும் கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், அந்தியூர்ப் பக்கங்களில் வாழை வைத்திருக்கும் குடியானவரையோ, பவானி, சென்னிமலைப் பக்கங்களில் வீட்டுக்குள் தறி போட்டிருக்கும் நெசவாளரையோ கேட்டால், அவர் வேறு விதமாகவே சொல்லுவார். பிற்பகல் வரை இலை அசையாத புழுக்கம். மாலையில் திடீரென்று வானம் கறுத்து, கால் மணி நேரச் சூறைக்காற்று. அதன்பின் ஓராண்டு உழைப்புத் தரையில் கிடக்கும். இக்காலத்தின் இந்த முகத்தை நம் உறுப்பினர் யாவரும் அறிவர்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலிலிருந்து வரும் புயலுக்கு நாள் கணக்கில் முன்னறிவிப்புக் கிடைக்கிறது. கோடை இடிமழைக்கோ அரைமணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த அரைமணியில் முட்டுக் கொடுக்கவும், கூரையைக் கட்டவும், பாவைச் சுருட்டவும், மாட்டை அவிழ்க்கவும் ஒருங்கே முயலுகிற குடும்பம் எதையும் செய்து முடிப்பதில்லை. சில வேளைகளில் உயிரையும் இழக்கிறது. ஆகவே பயிருக்கும் தறிக்கும் உரிய காப்பு வேலைகளை மாசி, பங்குனியிலேயே முடித்துவிட வேண்டும். கடைசி அரைமணியை உயிர்களுக்கு மட்டுமே ஒதுக்கி வைக்க வேண்டும். இக்கட்டுரை வற்புறுத்துவது இதனையே.

காற்றின் இயல்பு

பங்குனி பிறந்ததும் உள்நாட்டு நிலம் கடுமையாகக் காய்கிறது. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் தீபகற்பத்தின் நடுவே, மராத்திய நாட்டிலிருந்து தென் தமிழகம் வரை நீளும் ஒரு கோட்டையொட்டிச் சந்திக்கின்றன. அங்கே சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, 12 முதல் 15 கிலோமீட்டர் உயரம் வரை கார்முகிலாகத் திரளுகிறது. அம்முகிலிலிருந்து மழைத்துளியும் பனிக்கட்டியும் விழும்போது குளிர்ந்த காற்றையும் தம்மோடு கீழே இழுத்து வருகின்றன. அக்காற்று தரையில் மோதி நாற்புறமும் சீறிப் பாய்கிறது. மழைக்குச் சற்று முன்னர் முகத்தில் சில்லென்று படும் காற்று இதுவே. அது பட்டபின் வேலை தொடங்குவோர் காலம் தாழ்த்தியவரே ஆவர்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அது மரத்தின்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்றில் தலையசைத்து நின்ற வாழை, 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. வாழைத்தண்டு மரமன்று; ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய இலைமட்டைகளின் திரட்சியே. அதன் வேர்களிற் பெரும்பகுதி மேல் மண்ணிலேயே பரவி நிற்பது. தலையிலே குலையின் கனமும் சேர்ந்துவிட்டால் அது சாய்வதில் வியப்பில்லை.

கல்மழையையும் எளிதாக எண்ணலாகாது. வடநாட்டில் மொராதாபாத் நகரில் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் பெய்த கல்மழையில் 246 பேர் இறந்தனர் என்பது உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்ட பதிவு. நம் பக்கத்துக் கல்மழை அவ்வளவு கொடியதன்று. ஆயினும் வாழையிலையைக் கிழிக்கவும், காயிலே வடு உண்டாக்கவும், பழைய ஓடுகளை உடைக்கவும் அது போதும்.

இனி, நம் உறுப்பினரிற் பலரைப் போன்ற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அரை ஏக்கர் வாழை. அரை ஏக்கர் சோளத்தட்டு. ஓட்டு வீட்டின் கூடத்தில் ஒரு குழித்தறி. தகரம் வேய்ந்த கொட்டகையில் இரண்டு கறவை மாடுகளும் நான்கு ஆடுகளும். இக்குடும்பம் செய்துகொள்ள வேண்டிய காப்புகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வாழைக்கு

காப்பு, நடவின்போதே தொடங்குகிறது. நேந்திரன் 10, 11 மாதப் பயிர். ஆடியில் நட்டது சித்திரை, வைகாசியில் முற்றிய குலையோடு காற்றுக்கு எதிரே நிற்கும். நடவு மாதத்தை மாற்ற இயலாதவர்கள், தோட்டம் முழுவதையும் ஒரே பட்டத்தில் நடாமல் இரண்டாகப் பிரித்து நடலாம். ஒரு பகுதி விழுந்தாலும் மறுபகுதி குடும்பத்தைக் காக்கும்.

அடுத்தது மண் அணைப்பு. காற்றுக் காலம் வருமுன் ஒவ்வொரு தூரிலும் மண்ணை ஏற்றி அணைத்து மிதித்துவிட வேண்டும். வானம் கறுக்கும் நாளில் தோட்டத்துக்கு நிறையத் தண்ணீர் பாய்ச்சலாகாது. சேறான மண் வேரைப் பிடித்து நிறுத்தாது. தேங்கும் நீரை வெளியேற்ற வடிகாலும் முன்னரே திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது முட்டு. 7 அடிக்கு 7 அடி இடைவெளியில் நட்டால் அரை ஏக்கரில் ஏறத்தாழ 445 வாழைகள் நிற்கும். குலை தள்ளியவற்றுக்கெல்லாம் சவுக்கு முட்டோ மூங்கில் முட்டோ வேண்டும். மரம் சாயும் பக்கத்தில் முட்டை ஊன்றி, தண்டை அறுக்காத அகன்ற பட்டையால் கட்ட வேண்டும். கோல் வாங்க வசதியற்றவர்கள், ஒரு வாழையின் கழுத்தைப் பக்கத்து வாழையின் அடியோடு பிளாஸ்டிக் கயிற்றால் இருதிசையிலும் இழுத்துக் கட்டுவதும் உண்டு. தோட்டமே ஒரு வலைபோல் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

நான்காவது காப்பு உடனே கிடைப்பதன்று. காற்று வரும் திசையை ஊரின் மூத்தோர் அறிவர். அத்திசை வரப்பில் அகத்தியோ சவுக்கோ இரண்டு வரிசை நட்டு வளர்த்தால், தன் உயரத்தைப்போல் பத்து மடங்குத் தொலைவுக்கேனும் அது காற்றின் கடுமையைத் தணிக்கும். 15 அடி அகத்தி வேலி 150 அடி தூரத்து வாழைக்கு நிழற்குடை போன்றது. சுவரைப்போல் அடைத்து நிற்கும் வேலியைவிட, காற்றைச் சிறிது உள்ளே விடும் வேலியே மேலானது. சுவர்மேல் மோதிய காற்று அதைத் தாண்டிக் குதித்து மறுபுறம் சுழன்றடிக்கும். அகத்தித்தழை ஆட்டுக்குத் தீவனமாகும் நன்மையும் இதில் உண்டு.

வீட்டுக்கும் தறிக்கும்

கொட்டகைத் தகரத்தின்மேல் கல்லை வைத்து நிறுத்தும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கடுங்காற்றில் தகரம் பறக்கும். அதன்மேலிருந்த கல்லும் ஆள்மீது விழும். கொக்கி ஆணியால் தகரத்தைக் குறுக்குக் கட்டையோடு இறுக்குவதே முறை. ஓட்டுக் கூரையில் காற்று முதலில் பெயர்ப்பது இறவாரத்தின் கடைசி வரிசையைத்தான். அவ்வரிசையைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசிவிட வேண்டும். வீட்டின்மேல் சாய்ந்திருக்கும் முருங்கை, பூவரசுக் கிளைகளை மாசியிலேயே வெட்டிவிட வேண்டும்.

நெசவாளர் வீட்டில் பெரிய ஆபத்து மேலிருந்து வருவதைக் காட்டிலும் கீழிருந்து வருவதே. 200 சதுர அடியுள்ள ஒரு கூரைச் சரிவில் 2 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 370 லிட்டர் நீர் இறவாரத்தில் வழியும். மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள தறிக்குழி கொள்ளுவது 340 லிட்டர். வாசல் சரிவு வீட்டை நோக்கி இருந்தால், ஒரே மழையில் குழி நிறைந்து மிதிகட்டைகள் மிதக்கும். வாசலில் ஒரு சாண் அகல வாய்க்கால் வெட்டி நீரைத் தெருவுக்கு விடுவதும், குழியின் வாயைச் சுற்றி ஒரு செங்கல் உயரம் விளிம்பு கட்டுவதும் ஒருநாள் வேலை. ஒரு தார்ப்பாயைத் தறிக்கு மேலே சுருட்டிக் கட்டி வைத்தால், கயிற்றை இழுத்தவுடன் அது பாவின்மேல் விழுந்து மூடும்.

நூல் சிட்டங்களைச் சுவரோரத் தரையில் வைக்கலாகாது. பரண்மீதோ பலகைமீதோ வைக்க வேண்டும். கஞ்சி போட்ட பாவு நனைந்தால் ஓரிரு நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். எஃகு அச்சு துருவேறினால் துணியில் கறை விழும். சாயநூல் நனைந்து ஒன்றன் நிறம் மற்றொன்றில் ஏறினால் அத்துணியைச் சங்கம் ஏற்பது அரிது. பாவடியில் பாவு நீட்டும் வேலையை விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்கும் பழைய வழக்கம் இக்காலத்துக்கு மிகவும் ஏற்றது. கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே வருகிறது.

மாட்டுக்கும் ஆட்டுக்கும்

வெயிலுக்கு அஞ்சிப் புளியமரத்தடியில் மாட்டைக் கட்டுவது நம் வழக்கம். காலையில் அது நன்று. பிற்பகலில் முகில் திரளும் நாட்களில் அதுவே எமனாகும். மரத்தில் விழும் மின்னல் வேர் வழியே தரையில் பரவுகிறது. மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தூரம் அதிகமாதலால், மின்சாரம் ஒரு காலில் ஏறி உடல் வழியே மறுகாலில் இறங்குகிறது. ஒரே மரத்தடியில் பல மாடுகள் ஒருங்கே மடிவதன் காரணம் இதுவே. கம்பி வேலியோரத்தில் கட்டுவதும் அவ்வாறே தீது. இக்காலத்தில் பிற்பகல் 2 மணிக்குமேல் கால்நடைகளை வீட்டருகே கொண்டுவந்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மழைக்குப் பின்னரும் இரண்டு ஆபத்துகள் உண்டு. வாடிக் கிடந்த சோளம் கோடை மழையில் திடீரெனத் துளிர்க்கும்போது அதன் இளந்தளிரில் நச்சுப்பொருள் மிகுந்திருக்கும். அதை மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி விழும். பயிர் நன்றாக வளர்ந்து முற்றிய பின்னரே அறுத்துப் போட வேண்டும். புதுப்புல்லை வயிறு நிறைய மேயும் ஆடுகளுக்குத் துள்ளுமாரி நோய் வரலாம். அதற்குரிய தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் மழைக்கு முன்னரே போட்டுக்கொள்வது நலம்.

அந்த அரைமணி

இவ்வளவும் முன்னரே செய்து முடித்த குடும்பத்துக்குக் காற்று வரும் வேளையில் செய்ய வேண்டியது மிகக் குறைவே. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். அப்போதே வயலிலிருப்போர் யாவரும் வீடு சேர வேண்டும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் அமைத்துள்ள 'தாமினி' என்னும் கைப்பேசிச் செயலியும் அருகில் மின்னல் நெருங்குவதை அறிவிக்கிறது. வானிலைத் துறை மாவட்டந்தோறும் வெளியிடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைக் காலையிலேயே பார்த்துக்கொள்வது நன்று.

வரிசை இவ்வாறு இருக்கட்டும்: முதலில் குழந்தைகளும் முதியோரும் உள்ளே, அடுத்து கால்நடை கொட்டகைக்கு, பிறகு தார்ப்பாயை இழுத்துவிடுதல், இறுதியில் மின்விசைகளை அணைத்துக் கதவு சன்னல்களைத் தாழிடுதல். இப்பட்டியலில் வாழைத்தோட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணெதிரே மரங்கள் சாயும்போது வீட்டில் உட்கார்ந்திருப்பது குடியானவருக்கு எளிதன்று. ஓடிச் சென்று நான்கு மரத்தையேனும் தாங்குவோம் என்று மனம் துடிக்கும். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 2,800க்கும் மேற்பட்டோர் மின்னலால் இறந்தனர். திறந்த வெளியில் உழைப்போரே இதற்குப் பெரிதும் இரையாகின்றனர். விழுந்த வாழையின் பக்கக் கன்று அடுத்த ஆண்டு குலை தள்ளும். குடும்பத் தலைவரின் இடத்தை நிரப்ப எவரும் இல்லை.

வெளியில் அகப்பட்டுக்கொண்டோர் தனிமரத்தடியிலும், கம்பி வேலியோரத்திலும், கிணற்று மேட்டிலும் நிற்கலாகாது. தரையில் படுப்பதும் தவறு. தாழ்வான இடத்தில் கால்களை ஒட்டி வைத்துக் குந்தி இருத்தல் வேறு வழியற்றபோது செய்யத்தக்கது. அது முழுக் காப்பு ஆகாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பின்னரே வெளியே வரலாம்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்று அஞ்சுவோர் உளர். அது பொய்யான அச்சம். அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே மார்பின் நடுவில் இரு கைகளாலும், நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை வரை, அழுத்தத் தொடங்க வேண்டும். மற்றொருவர் 108க்கு அழைக்க வேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பியின் செய்தி வேறு. அதை எவரும் நெருங்கலாகாது; மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்னோட்டம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்துகொண்ட பின்னரே அப்பக்கம் செல்ல வேண்டும்.

காற்று ஓய்ந்த பின்

மறுநாள் காலையில் முதல் வேலை கணக்கெடுப்பு. எத்தனை மரம் ஒடிந்தது, எத்தனை சாய்ந்தது என்று எண்ணி எழுதி, நிழற்படமும் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலை அலுவலருக்கும் தெரிவியுங்கள். விளைச்சலில் 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் சேதமானால் பேரிடர் நிவாரணம் கோரலாம் என்பது 2015 முதல் உள்ள விதி. மரங்களை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு அலுவலரை அழைப்பவர் இழப்புக்குச் சான்றின்றி நிற்பார்.

சற்றே சாய்ந்த வாழையை உடனே நிமிர்த்தி மண் அணைத்து முட்டுக் கொடுத்தால் பிழைக்கும். ஒடிந்தவற்றில் முற்றும் தறுவாயிலுள்ள குலைகளைத் தாமதமின்றி வெட்டி விற்றுவிட வேண்டும். மொந்தன் போன்ற இனங்களின் இளங்காய் கறிக்கு விலைபோகும். தண்டைத் துண்டித்து மட்கவிடலாம். நார் எடுப்போருக்கும் விற்கலாம். தூரில் குறுகிய இலையுள்ள வலிய ஈட்டிக் கன்று ஒன்றை மட்டும் விட்டு, ஏனையவற்றை நீக்க வேண்டும்.

நனைந்த பாவை உருளையில் சுற்றியபடியே விட்டுவைப்பது பெருந்தவறு. அதைப் பாவடியில் நீட்டிக் காற்றாட உலர்த்த வேண்டும். சாயநூலாயின் நிழலில் உலர்த்த வேண்டும். அச்சைத் துணியால் துடைத்து உலர வைக்க வேண்டும். குழியின் நீரை இறைத்து, ஈரம் வற்றிய பின் சுவருக்குச் சுண்ணாம்பு பூசினால் பூஞ்சணம் அண்டாது. நூல் சங்கத்தின் உடைமையாதலின், சேதத்தை அன்றே எழுதிக் கொடுப்பது உறுப்பினருக்கும் நல்லது, சங்கத்துக்கும் நல்லது.

சங்கம் செய்யத்தக்கவை

தனித்தனியே செய்ய இயலாதவற்றைக் கூடிச் செய்யவே சங்கம் அமைந்தது. மாசி மாதக் கூட்டத்தில் மூன்று பொருள்களை எடுத்துப் பேசலாம்.

முதலாவது, முட்டுக்கோல். ஒரு குடும்பத்துக்கு 445 கோல் வாங்குவது பெருஞ்செலவு. சங்கம் மொத்தமாகச் சவுக்குக்கோல் வாங்கிக் குறைந்த வாடகைக்குக் கொடுத்துத் திரும்பப் பெற்றால், ஒரே கோல் பல பருவங்களுக்குப் பயன்படும். தார்ப்பாயும் அவ்வாறே.

இரண்டாவது, காப்பீடு. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வாழை போன்ற தோட்டப் பயிருக்கு விவசாயி செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மேற்படாது. 2020 முதல் கடன் பெற்றோருக்கும் அது கட்டாயமன்று. எனவே தாமே முன்வந்து சேர வேண்டும். ஒரு செய்தியை உறுப்பினர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். கல்மழை, நிலச்சரிவு, வெள்ளத் தேக்கம், மேகவெடிப்பு, மின்னல் தீ ஆகியவற்றால் தனியொரு வயலுக்கு நேரும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் அவ்வயலுக்கென்றே மதிப்பீடு செய்வர். பிற இழப்புகளுக்கோ பெரும்பாலும் அறிவிக்கப்பட்ட வட்டாரத்தின் சராசரி விளைச்சலைக் கொண்டே ஈடு கணக்கிடப்படும். சூறைக்காற்று ஒரு மூலையில் மட்டும் பத்துத் தோட்டங்களைச் சாய்த்துவிட்டு, ஏனைய தோட்டங்களை விட்டுச் சென்றால், அப்பத்துக் குடும்பங்களும் ஈடு பெறுவது கடினம். காற்றுச் சேதமும் தனிவயல் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று நம் சங்கங்கள் தீர்மானம் இயற்றி அரசுக்கு அனுப்புவது தகும். அதுவரை, சங்கத்திலேயே சிறு இடர்நிதி ஒன்றைத் திரட்டி வைப்பது நன்று.

மூன்றாவது, எச்சரிக்கை. வானிலைச் செய்தியைப் பார்த்து, வானம் கறுத்தால் மணியடிக்க ஊருக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். தெருவுக்கு இருவர் முதலுதவி கற்றுக்கொள்ளட்டும். இதற்குச் செலவு மிகச் சிறிதே.

கோடை மழையை நாம் பகையாகக் கொள்ள வேண்டியதில்லை. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மார்ச் முதல் மே வரையில்தான் பெய்கிறது. அம்மழையின் ஈரத்தில்தான் கோடை உழவு நடைபெறுகிறது. 'சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று முன்னோர் சொன்னது அனுபவச் சொல். சரிவுக்குக் குறுக்கே உழுதுவிட்டால் அடுத்த மழை முழுவதும் நிலத்தில் இறங்கும். மண்ணுள் உறங்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலில் மடியும். முட்டு ஊன்றி, தறிக்குழிக்கு விளிம்பு கட்டி, மாட்டைக் கொட்டகையில் சேர்த்துவிட்ட வீட்டில், இடியோசை கேட்கும்போது ஏரைப் பழுதுபார்க்கும் எண்ணமே முதலில் எழும். இவ்வாண்டு மாசிக் கூட்டத்துக்கு உறுப்பினர் யாவரும் தவறாது வந்து இவற்றை முடிவு செய்ய வேண்டுகிறோம்.